கெர்னலில் தேவையற்ற தரவு வகைகளைக் களையும் பேட்ச்: மதிப்பாய்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி, லினக்ஸ் கெர்னலுக்கு (இயக்கமுறைமையின் மையப் பகுதிக்கு) வரும் பேட்ச்களை, அதாவது குறியீட்டில் செய்யச் சொல்லும் மாற்றங்களைப் படிக்கிறோம். பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். மீதிப்பேர் வாரம் முழுக்கச் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவர்கள். புதிதாக வருகிறவர் கையில் முதலில் நான் கொடுப்பது தரவு வகைகளைச் சீர்செய்யும் பேட்ச்தான். பெயர் மாற்றம்தானே என்று அலட்சியமாக எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் சந்தேகம் கிளம்பும். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

குறியீட்டில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். யூ32 என்பது 32 பிட் குறியற்ற (எதிர்ம மதிப்பு கொள்ளாத) எண்ணுக்குக் கெர்னல் வைத்த சொந்தப் பெயர். அதன் முன்னால் இரண்டு அடிக்கோடு இட்டு வருவதை எங்கள் குழுவில் "கோடு போட்ட யூ32" என்போம். இங்கும் அப்படியே.

ஒரே 32 பிட் எண்ணுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? முதலிலேயே ஒருவர் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியிருக்கக் கூடாதா?

ஒழுங்குபடுத்த அப்போது பொது விதியே இல்லை. கெர்னல் எழுதப்படும் சி மொழி, "இன்ட்" என்ற எண் வகை எத்தனை பிட் என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை. அளவு உறுதியான யூஇன்ட்32_டி போன்ற பெயர்கள் 1999ஆம் ஆண்டின் சி தரத்தில்தான் வந்தன. லினக்ஸ் 1991லேயே பிறந்துவிட்டது. இடையில் எட்டு ஆண்டுகள். அதற்குள் கெர்னல் தனக்கென்று யூ8, யூ16, யூ32 என்று வைத்துக்கொண்டது. பிஎஸ்டி (யூனிக்ஸ் குடும்பத்து இயக்கமுறைமை) பழக்கத்தில் வந்தவர்கள் யூ_இன்ட்32_டி என்று எழுதினார்கள். விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) அப்படியே தூக்கிவந்த நிறுவனங்கள் யூலாங், டிவேர்ட் என்று பெரிய எழுத்துப் பெயர்களையும் கூடவே இறக்கின. கூட்டுக்குடும்பத்தில் ஒரே ஆளை ஒருவர் சித்தப்பா என்றும் ஒருவர் மாமா என்றும் கூப்பிடுவது போல்தான். ஆள் ஒருவர்தான். ஆனால் இந்த வீட்டில் சில சமயம் ஆளே வேறாக இருப்பார். நம் தொல்லையெல்லாம் அங்கேதான்.

"தேவையற்ற வகை" என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

மூன்று விதம் உண்டு. முதலாவது வெறும் மாற்றுப்பெயர்: டிரைவரின் தலைப்புக் கோப்பில் யாரோ யூ32க்கு இன்னொரு பெயர் சூட்டியிருப்பார்கள். இரண்டாவது, ஒரு ஸ்ட்ரக்ட்டையோ (பல உறுப்புகளின் தொகுப்பு) பாயின்டரையோ (நினைவக முகவரி) டைப்டெஃப் (வகைக்குப் புதுப்பெயர் சூட்டும் சி கட்டளை) போட்டு மறைத்திருப்பது. கெர்னலின் குறியீட்டு நடை ஆவணம் இதைத் தவறு என்றே சொல்கிறது, ஏனென்றால் பெயரைப் பார்த்தால் உள்ளே இருப்பது நான்கு பைட்டா நானூறு பைட்டா என்று தெரியாது.

மூன்றாவதுதான் சுவையானது: ஒரு காலத்தில் காரணம் இருந்து, பிறகு அந்தக் காரணம் போய்விட்ட வகை. நேரத்தைக் குறிக்கும் கேடைம்_டி நல்ல எடுத்துக்காட்டு. 32 பிட் கணினிகளில் நொடியையும் நானோநொடியையும் தனித்தனியாக வைக்கும் வசதிக்காக அது ஒரு யூனியனாக (ஒரே இடத்தைப் பல வடிவில் படிக்கவிடும் வகையாக) இருந்தது. 2014இல் 3.17 பதிப்பில் அந்தத் தனி வடிவத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஒரே ஓர் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு யூனியன் சும்மா நின்றது. 2016 டிசம்பரில் கெர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளைக்ஸ்னர் அதையும் கழற்றி, வெறும் 64 பிட் குறியுள்ள எண்ணாக ஆக்கினார். கவனியுங்கள், கேடைம்_டி என்ற பெயரை அவர் எடுக்கவில்லை. "இது நானோநொடி" என்று படிக்கிறவருக்குச் சொல்லும் வேலையை அந்தப் பெயர் இன்னும் செய்கிறது. கூட்டைத்தான் உடைத்தார்கள்.

அண்ணா, புதிதாக எழுதும்போது யூ32 சரியா, யூஇன்ட்32_டி சரியா? இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும் அனுமதிக்கப்பட்டவை. ஏற்கெனவே இருக்கும் கோப்பில் கை வைத்தால், அந்தக் கோப்பில் எது புழங்குகிறதோ அதையே பின்பற்று என்பதுதான் நடை ஆவணத்தின் விதி. பேட்ச்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவியைக் கண்டிப்பு நிலையில் ஓட்டினால் "யூ32 போடு" என்று முணுமுணுக்கும். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் 2017இல் பழைய பெயர்களைக் களைந்தபோது, யூஇன்ட்32_டி வகையையே தேர்ந்தெடுத்தார்கள். அங்கே போய் யூ32 ஆக்குகிறேன் என்று பேட்ச் அனுப்பினால் திரும்பித்தான் வரும். கருவி சொல்வது யோசனை, அந்தப் பகுதியின் வழக்கம்தான் சட்டம்.

பேட்ச் கைக்கு வந்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

விளக்கக் குறிப்பைப் படியுங்கள். "செயல்பாட்டில் மாற்றமில்லை" என்று எழுதியிருந்தால் நல்லது, அது சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கு. பேட்ச் போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை அந்தக் கோப்பைத் தொகுத்து, கிடைக்கும் இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஒப்பிடுங்கள். உண்மையிலேயே பெயர் மட்டும் மாறியிருந்தால் எந்திரக் கட்டளைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். கெர்னலின் மூலக் குறியீட்டு அடைவிலேயே ஆப்ஜ்டிஃப் என்ற சிறு நிரல் இதற்கென்று கிடக்கிறது.

இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். பிழைத்தேடல் தகவலோடு தொகுத்தால் வகையின் பெயரும் கோப்பில் ஏறிவிடும், வித்தியாசம் காட்டும். அதை அணைத்துவிட்டு ஒப்பிடுங்கள். இன்னொன்று, வார்ன்_ஆன் போன்ற எச்சரிக்கைகள் வரி எண்ணைச் சுமந்திருக்கும். பேட்ச் ஒரு வரியை நீக்கியிருந்தால் கீழே உள்ள எண்களெல்லாம் நகரும். இவை தவிர வேறு வித்தியாசம் தெரிந்தால், அனுப்பியவரிடம் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் மடிக்கணினியில் மட்டும் தொகுத்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். குறைந்தது ஒரு 32 பிட் ஏஆர்எம், ஒரு பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்) எஸ்390 ஆகிய கணினி வகைகளுக்கும் தொகுங்கள். இரண்டுக்கும் குறுக்குக் கம்பைலர் (வேறு வகைக் கணினிக்காக உங்கள் கணினியிலேயே தொகுக்கும் நிரல்) இலவசமாகக் கிடைக்கிறது. ஏன் என்பது கீழே போகப்போகத் தெரியும்.

பெயர்தானே மாறுகிறது, அதில் என்ன பெரிய பிழை வந்துவிடப் போகிறது?

பெயர் மட்டும் மாறினால் ஒன்றும் வராது. "சீர்செய்கிறேன்" என்ற போர்வையில் வகையே மாறிவிடுவதுதான் ஆபத்து. என்னிடமே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழுவில் ஒரு மாணவர், ஒரு சுற்றில் வரும் "இன்ட் ஐ" என்பதை யூ8 ஆக மாற்றினார். எண்ணிக்கை பதினாறைத் தாண்டாது, எதற்கு நான்கு பைட் என்றார். கேட்க நியாயமாக இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். அந்தச் சுற்று மேலிருந்து கீழே எண்ணுவது: ஐ பூச்சியத்துக்குக் குறையாத வரை ஓடு. யூ8 எப்போதும் பூச்சியத்துக்குக் குறையாது. பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 255 ஆகிவிடும். மெய்நிகர் கணினி நின்றபடி நிற்கிறது. மின்சாரம்தான் ஏற்ற இறக்கமோ என்று அந்தச் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. கெர்னலில் பிழை எண்கள் எதிர்மமாக வரும்; ஈஇன்வால் என்றால் −22. அதைப் பிடித்துவைக்கும் மாறியை யூ32 ஆக்கினால் அது 4294967274 ஆகிவிடும், "பூச்சியத்துக்குக் கீழா" என்ற சோதனை ஒருநாளும் உண்மையாகாது. அடுத்தது பூல், அதாவது உண்மை, பொய் இரண்டை மட்டும் கொள்ளும் வகை. ஒரு பதிவேட்டில் 256 மதிப்புள்ள பிட் எழுந்திருக்கிறதா என்று பார்த்து அதைப் பூலில் போட்டால் 1 கிடைக்கும். "எல்லாம் ஒரு பைட்தானே" என்று அந்தப் பூலை யூ8 ஆக்கினால், 256இல் எட்டு பிட்டுக்கு மேலே உள்ளது வெட்டுப்பட்டு 0 கிடைக்கும். கருவி தயாராக இருக்கும், டிரைவர் "இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஓர் எழுத்தைக் கொள்ளும் சார் வகைக்குக் குறி உண்டா இல்லையா? ஏஆர்எம்மில் ஒன்று, எக்ஸ்86இல் ஒன்று என்கிறார்களே.

கம்பைலரின் இயல்பு அப்படித்தான் இருந்தது. 2023இல் வந்த 6.2 பதிப்பு முதல் கெர்னல் முழுவதும் குறியற்றதாகவே தொகுக்கப்படுகிறது. குறி தேவைப்படும் இடத்தில் எஸ்8 என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பழைய நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கும் பேட்ச் போகும் என்றால், பழைய குழப்பத்தையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் டிரைவரிலிருந்து வந்த யூலாங் என்பதை அன்சைன்ட் லாங் ஆக்கினால் போதும்தானே? விரிவாக்கமே அதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் மாற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம், கேட்டவருக்கு ஒரு காபி. விண்டோஸில் 64 பிட் கணினியிலும் லாங் 32 பிட்தான். லினக்ஸில் லாங் கணினியோடு சேர்ந்து வளரும்: 32 பிட்டில் 32, 64 பிட்டில் 64. ஆக, யூலாங்குக்குச் சரியான மாற்று யூ32. பெயரை விரித்து எழுதினால், வன்பொருளோடு பகிரும் ஸ்ட்ரக்ட்டில் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்கு நான்கு பைட்டாகத் தள்ளிப்போகும்.

பூ மார்க்கெட்டில் முழம் போடுவது போலத்தான் லாங். முழம் என்பது போடுகிறவர் கையளவு. கை மாறினால் பூவின் நீளமும் மாறும். அதனால் முழம் தப்பு என்று அர்த்தமில்லை. லினக்ஸில் ஒரு முகவரி அன்சைன்ட் லாங்கில் கச்சிதமாக அடங்கும், கை வளர்ந்தால் முழமும் வளரும் என்பதால்தான். முகவரியை வைத்திருக்கும் லாங்கை "அளவு தெளிவாக இருக்கட்டும்" என்று யூ32 ஆக்கும் பேட்ச் வந்தால் நிறுத்துங்கள்.

எல்ஈ32 என்பதும் யூ32தான் என்று கம்பைலரே சொல்கிறது. அப்படியானால் அது தேவையற்றதுதானே?

கம்பைலர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்கிறது. எல்ஈ32 என்பது "இந்த எண்ணின் பைட்டுகள் லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில்) வரிசையில் இருக்கின்றன, கணக்குப் போடுமுன் மாற்று" என்று அறிவிக்கும் வகை. ஜிசிசி கம்பைலர் அதைச் சாதாரண யூ32 ஆகவே பார்க்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் எழுதத் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவிக்கு மட்டும் அது தனிச் சாதி. இரண்டையும் கலந்தால் கூச்சல் போடும். மேக் கட்டளையோடு சி=1 என்று சேர்த்தால், தொகுக்கும்போதே ஸ்பார்ஸும் ஓடும்.

நான்காவது கேள்வியில் சொன்ன ஆப்ஜெக்ட் ஒப்பீடு இங்கே கைவிட்டுவிடும். எல்ஈ32ஐ யூ32 ஆக மாற்றினால் எந்திரக் கட்டளைகள் எல்லாக் கணினியிலும் அப்படியேதான் இருக்கும், பேட்ச் சோதனையில் தேறிவிடும். போனது காவல் மட்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் மாற்றும் செயல்கூற்றைப் போட மறப்பார், ஸ்பார்ஸ் வாய்திறக்காது. நம் மேசைகளில் உள்ள எக்ஸ்86 லிட்டில் எண்டியன் என்பதால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடும். எஸ்390இல்தான் எண்கள் தலைகீழாகும்.

நினைவக ஒதுக்கீட்டில் வரும் ஜிஎஃப்பி_டி வகையும் இதே ரகம். கேமெல்லாக் அழைப்பில் அளவையும் கொடியையும் இடம்மாற்றிக் கொடுத்துவிட்டால், ஜிசிசிக்கு இரண்டும் எண்தான், ஸ்பார்ஸுக்குத்தான் வேறுபாடு தெரியும். ஆகவே ஒரு வகையை நீக்குமுன், அதன் வரையறையில் பிட்வைஸ் என்ற குறிப்பு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இருந்தால் அது மாற்றுப்பெயர் இல்லை.

கோடு போட்ட யூ32 எதற்கு? அந்த இரண்டு கோட்டை எடுத்தால் அழகாக இருக்குமே.

கெர்னலுக்குள் மட்டும் புழங்கும் கோப்பு என்றால் எடுக்கலாம், அது நல்ல பேட்ச். இன்க்லூட் அடைவில் யூஏபிஐ என்ற பிரிவின் கீழ் இருந்தால் தொடாதீர்கள். அந்தத் தலைப்புக் கோப்புகள் 2012இல் 3.7 பதிப்பில் தனியே பிரிக்கப்பட்டவை, பயனர் நிரல்கள் அவற்றை நேரடியாக எடுத்துத் தொகுக்கின்றன. பயனர் பக்கம் யூ32 என்ற பெயரே கிடையாது, யூஇன்ட்32_டி இருந்தே ஆக வேண்டும் என்றும் கெர்னல் வற்புறுத்த முடியாது. எவர் பெயரோடும் மோதாததுதான் கோடு போட்டது.

எங்கள் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் "வட ஆற்காடு ஜில்லா" என்று இருக்கிறது. 1989இல் ஜில்லா பிரிந்து எங்கள் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியே போயின. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்காகப் பேனாவை எடுத்துப் பத்திரத்தில் அடித்துத் திருத்துவோமா? அதை வைத்துக்கொண்டு வேறு யார் யாரோ வேலை செய்திருக்கிறார்கள். யூஏபிஐ கோப்பு அப்படிப்பட்ட பத்திரம்.

செய்தி அச்சிடும் பிரின்ட்கே வரிகளில் வகைமாற்று (ஒரு வகையை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்வது) நிறைய இருக்கிறது. அவற்றையும் களையலாமா?

பெரும்பாலும் களையலாம். வட்டின் பிரிவு எண்ணைக் குறிக்கும் செக்டர்_டி, முன்பு 32 பிட் கணினிகளில் கட்டமைப்பைப் பொறுத்து 32ஆகவோ 64ஆகவோ இருந்தது. அச்சிடுகிறவர்கள் எதற்கு வம்பு என்று அன்சைன்ட் லாங் லாங் ஆக மாற்றியே போட்டார்கள். 2019இல் 5.2 பதிப்பில் அது எங்கும் யூ64 ஆனது. கெர்னலுக்குள் யூ64 எல்லாக் கணினியிலும் லாங் லாங்தான். எனவே அந்த வகைமாற்று இப்போது சுமை. வடிவக் குறி (எந்த வகையை அச்சிடுகிறோம் என்று சொல்லும் குறி) பொருந்தாவிட்டால் கம்பைலரே எச்சரிக்கும், நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

குறியீட்டை விதிப்படி தானாக மாற்றும் கோக்கினெல் கருவியை ஓட்டி நூறு கோப்புகளை மாற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் நான் கண்ணால் படிக்க வேண்டுமா?

நூறையும் படித்தால் முப்பதாவது கோப்பில் கண் இருட்டிவிடும், அதன்பின் படிப்பது பாவனைதான். ஜூலியா லாவாலும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய இந்தக் கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் பொறிவண்டு என்று பொருள், பூச்சி தின்னும் பூச்சி. அதற்குக் கொடுத்த விதியைக் கேட்டு வாங்குங்கள், பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். அதை எழுத்தெண்ணிப் படியுங்கள். பிறகு நீங்களே ஓட்டி, வந்த விளைவை அனுப்பியவரின் பேட்ச்சோடு ஒப்பிடுங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அது அவர் கையால் செய்தது. அங்கே உட்காருங்கள். மேக்ரோவுக்குள் ஒளிந்திருப்பதைக் கருவி தவறவிடுவதுண்டு, விட்டுப்போன பழைய பெயரைத் தேடிப் பாருங்கள்.

பேட்ச்சில் குறையே இல்லை, ஆனாலும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் வேண்டாம் என்கிறார். இது என்ன நியாயம்?

அவர் பக்கம் நின்று பாருங்கள். ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று கிட் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாற்றில் தேடினால் இனி உங்கள் பெயர்மாற்றம்தான் முதலில் வந்து நிற்கும். நாளை ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோகும்போது வரிகள் பொருந்தாமல் முரண்படும். வேறு நான்கு பேர் அதே கோப்பில் செய்துவரும் வேலையும் இடிபடும். இதையெல்லாம் தாங்கும் அளவுக்குப் பயன் இருக்கிறதா என்பது அவர் முடிவு. நான் பார்த்தவரை, பத்தில் ஆறு முறை அவர் சொல்வது சரியாகவே இருக்கிறது.

பழகுவதற்கு இடம் வேண்டுமென்றால் ஸ்டேஜிங் அடைவு இருக்கிறது. இன்னும் தேறாத டிரைவர்கள் அங்கே கிடக்கின்றன, என்ன சீர்செய்ய வேண்டும் என்ற பட்டியலும் பலவற்றில் கூடவே உண்டு.

வகையை மாற்றும்போதே ஓர் உண்மையான பிழையும் அகப்பட்டது. சேர்த்தே அனுப்பட்டுமா?

கூடாது. திருத்தம் முதல் பேட்ச், சீர்செய்தல் இரண்டாவது. வரிசை முக்கியம்: திருத்தம் மட்டும் பழைய பதிப்புகளுக்குத் தனியே போக வேண்டியிருக்கும்.

நான்கே கொடிகள் (உண்டு, இல்லை என்று காட்டும் பிட்டுகள்) இருக்கும் மாறிக்கு எதற்கு அன்சைன்ட் லாங்? யூ32 போதாதா?

ஒரு பிட்டை எழுப்பும் செட்_பிட் அழைப்பு அந்த மாறியைத் தொடுகிறதா என்று தேடுங்கள். தொட்டால் போதாது. செட்_பிட் அன்சைன்ட் லாங்கின் முகவரியைத்தான் கேட்கும். யூ32 கொடுத்தால் கம்பைலர் எச்சரிக்கும். எச்சரிக்கையை அடக்கப் பாயின்டரை வகைமாற்றியிருந்தால் அதுதான் விஷம். 64 பிட் கணினியில் செட்_பிட் எட்டு பைட்டைத் தொடும், அதாவது பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து. பிக் எண்டியனில் முதல் கொடி உங்கள் மாறியில் விழவே விழாது, பக்கத்து மாறியில் போய் உட்காரும். முகவரி எட்டால் வகுபடாவிட்டால் சில கணினிகள் அங்கேயே விழுந்துவிடும். லாங் என்பது முழம் என்றேனே, முழம் போட்டே தீரவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

நான் மாணவி. "ரிவ்யூட்-பை" (மதிப்பாய்ந்தவர்) என்று என் பெயரைப் போட்டால் யாராவது சிரிப்பார்களா?

சிரிக்க மாட்டார்கள், பார்த்ததைச் சொன்னால். வெறுமனே பெயரை மட்டும் ஒட்டுவதைத்தான் யாரும் மதிப்பதில்லை. சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஒரு மாணவி தன் முதல் பதிலை மூன்று வரியில் எழுதினார். எக்ஸ்86இலும் 32 பிட் ஏஆர்எம்மிலும் தொகுத்தேன், ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒன்றாக இருக்கின்றன. ஸ்பார்ஸ் புதிதாக எதுவும் சொல்லவில்லை. பவர்பிசியில் தொகுத்துப் பார்க்க என்னிடம் வழியில்லை. அந்த மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு, பராமரிப்பாளரே பவர்பிசியில் தொகுத்துப் பார்த்தார். ஒரு வடிவக் குறி அங்கே எச்சரிக்கை காட்டியது. பேட்ச் இரண்டாம் பதிப்பாகத் திரும்பி வந்தபோது அந்த மாணவியின் பெயர் அதில் இருந்தது.